உருவாக்கியதும் பாவனை செய்ததும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'குவாண்டம் கணினி புதுவகைக் காந்தப் பொருளை உருவாக்கிவிட்டது' என்று ஒரு வரி வந்திருந்தது. உருவானது பொருள் அன்று, பாவனை (ஒன்றின் நடத்தையை வேறொன்றில் போலச் செய்துகாட்டுதல், simulation) மட்டுமே என்பதைத் தங்கள் ஆசிரியர் குழு அறியாதிருக்க வழியில்லை. அதனால்தான் வருத்தம் அதிகமாகிறது.

ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒவ்வோர் அம்பை நிறுத்தி, பக்கத்து அம்புகள் எதிரெதிரே நோக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு அம்புகள் இணங்கும். மூன்றாவது எப்பக்கம் திரும்பினாலும் ஒன்றோடு முரண்படும். இப்படிப்பட்ட முக்கோணங்களால் ஆன காந்தத்தில், எவ்வளவு குளிர்வித்தாலும் தற்சுழற்சிகள் (spin; இந்த அம்புகள் குறிக்கும் நுண்காந்தங்கள்) ஓர் ஒழுங்கில் உறையாமல் திரவம்போல் இருக்கலாம் என்று 1973இல் இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் சொன்னார். 2021இல் ஹார்வர்டு குழுவினர் அத்தகைய திரவநிலையின் அடையாளங்களைக் கண்டது 219 ருபீடியம் அணுக்களை வெற்றிடத்தில் லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தித்தான். அந்த அணுக்களே அங்கே காந்தத்தைப் பாவனை செய்த குவாண்டம் கருவி; கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய காந்தத் துண்டு எதுவும் அங்கே இல்லை.

பாவனை என்பதால் அது சிறுமையும் அன்று. ஆய்வு மாணவனாக இருந்தபோது 24 தற்சுழற்சிகளைக் கணினியில் ஏற்றினேன். அவற்றின் நிலையை எழுத மட்டும் 1,67,77,216 எண்கள் தேவைப்பட்டன. இன்னும் ஒன்றைச் சேர்த்தால் அது இரட்டிப்பாகும்; அந்த 25ஆவது தற்சுழற்சியிடம் என் கணினியின் நினைவகம் தோற்று நின்ற இரவை இன்றும் மறக்கவில்லை. அந்த எண்களை எழுதிவைக்காமலே, தானும் குவாண்டம் விதிப்படி இயங்கிக் காட்டும் குவாண்டம் செயலியின் அருமையை எனக்குப் புரியவைத்தது அந்தத் தோல்விதான்.

ஆனால் 'எந்த மீக்கணினியாலும் இயலாது' என்றும் அதே கட்டுரை முழங்குகிறது. 2023இல் ஐபிஎம் நிறுவனம் 127 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட செயலியில் செய்துகாட்டிய காந்த மாதிரிக் கணக்கை, சில வாரங்களுக்குள்ளேயே வேறு குழுக்கள் வழக்கமான கணினிகளில் போட்டுக் காட்டின. முதல் செய்தியைப் பெரிதாக வெளியிட்ட தங்கள் இதழ், இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதைச் சுட்டி அப்போது நான் எழுதிய இரு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அதற்கும் முன்பு, தற்சுழற்சி என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, எலக்ட்ரான் பம்பரம்போல் சுற்றுவதாகத் தாங்கள் தவறாக வெளியிட்ட படத்தை வகுப்புக்கே கொண்டுவந்து, 'இதில் இப்படித்தானே இருக்கிறது, ஐயா?' என்று என்னிடம் வாதிட்ட மாணவர்கள் உண்டு. அச்சில் வந்ததை அவர்கள் நம்புகிறார்கள். நான் சொல்வதைவிட அதிகமாக நம்புகிறார்கள்.

அடுத்த இதழில், 'உருவாக்கிவிட்டது' என்பதைப் 'பாவனை செய்துள்ளது' என்று திருத்தி இரண்டு வரி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்