செருப்பு ஆர்கிட் திருட்டைத் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: வனச்சரக அலுவலர் அவர்கள்

பொருள்: பொதிகை மேல்சரிவில் செருப்பு ஆர்கிட் வேரோடு திருட்டுப் போவது – காவலர் போடக் கோருவது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஆடியில் ஒரு மனு, ஐப்பசியில் ஒரு மனு கொடுத்தேன். கையில் இருப்பது ஒப்புகைச் சீட்டு மட்டும்தான். திருட்டு நடந்தது ஈத்தை மூங்கில் காடு முடிந்து பாறை தொடங்குகிற இடம் என்றாலே தங்களுக்குத் தெரியும். செடி ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அனுமதியோடு மூட்டை தூக்கிப் போகிறவன் நான்.

1. இந்தச் செடிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பாபியோபெடிலம் ட்ரூரியை. செருப்பு ஆர்கிட்டுகளில் தென்னிந்தியாவுக்கு என்று இருப்பது இது ஒன்றுதான், அதுவும் அகத்தியமலைப் பக்கம் மட்டும். 1865இல் கர்னல் ட்ரூரி கண்டது, அப்புறம் 1972இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. பட்டதுமே வியாபாரத்துக்கு அள்ளிவிட்டார்கள்.

2. வனவிலங்குச் சட்டம் 17ஏ பிரிவுப்படி பிடுங்கவே கூடாது.

3. போன மாசியில் அந்தப் பாறைப் பிளவில் 3 குத்து நின்றது. மஞ்சள் பூ, இதழ் நடுவில் பழுப்புக் கோடு, கீழே குழந்தைச் செருப்பு மாதிரி ஒரு பை. இந்தத் தையில் போனால் குழிதான் இருக்கிறது. பாசி உரிந்து கிடக்கிறது, கடப்பாரை பட்ட இடம் கல்லில் வெள்ளையாகத் தெரிகிறது, அறுந்த வேர் ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பாறையில் மண் என்று இருப்பதே விரல் கனம், அதையும் சேர்த்து வழித்துக்கொண்டு போயிருக்கிறான். "விதை போட்டு வளர்த்துக்கலாமே" என்றார் அலுவலகத்தில் ஒருவர். என்ன ஐயா இது, கீரை விதையா? தூசி மாதிரி விதை, அதற்குள் சாப்பாடே கிடையாது, மண்ணில் அதற்கென்று உள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும், முளைத்தாலும் பூக்க வருஷக்கணக்கில் ஆகும். சோதனைச் சாவடியில் என் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், ஈரச் சாக்கில் சுற்றி இறங்குகிற செடியை மட்டும் யாரும் பார்ப்பதில்லையா?

4. எனக்குத் தெரிந்து மீதி ஒரே குத்துதான். எங்கே என்று இதில் எழுதமாட்டேன், இந்தத் தாள் எத்தனை மேசை போகுமோ. தாங்கள் வந்தால் காட்டுகிறேன்.

5. காவலர். தை முதல் பங்குனி வரை ஒருவர் போதும்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் ஆளைப் போடுங்கள் ஐயா, இந்த மாசிக்குள் போடுங்கள். கூலி வேண்டாம், கூட நடந்து இடம் காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூட்டை தூக்குகிறவன்

இணைப்பு: பழைய ஒப்புகைச் சீட்டு நகல் 2