சுழலாத காற்றுக்குச் 'சூறாவளி' என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவில் அடித்த 'டெரேச்சோ' புயல் பற்றிய செய்தித் துணுக்கில், அடைப்புக்குறிக்குள் 'ஒருவகைச் சுழல் சூறாவளி' என்று விளக்கம் போட்டிருந்தீர்கள். சுழலாது என்று சொல்வதற்காகவே வைத்த பெயர் ஐயா அது.

டெரேச்சோ என்றால் ஸ்பானிய மொழியில் 'நேராக' என்று பொருள். அந்தச் சொல்லைக் காற்றுக்குச் சூட்டியவர் ஸ்பானியர் அல்லர். இன்றைய வட ஜெர்மனியில் உள்ள ஹோல்ஸ்டைனில் பிறந்து, அமெரிக்காவின் அயோவாவில் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஹின்ரிக்ஸ் என்பவர். 1877 ஜூலை 31 அன்று அயோவாவைக் கடந்த புயலை ஆராய்ந்தவர், அது டொர்னாடோ போலச் சுழலாமல் நேராகப் பாய்ந்ததைக் கண்டார். டொர்னாடோவுக்கு ஜோடியாக இன்னொரு ஸ்பானியச் சொல்லை எடுத்து 1888இல் கட்டுரை எழுதினார். இதில் ஒரு வேடிக்கை: டொர்னாடோவின் மூலச் சொல்லான 'ட்ரோனாடா'வுக்கு 'இடிமழை' என்றுதான் பொருள், சுழற்சி இல்லை; அது 'திரும்புதல்' என்ற வேறொரு ஸ்பானியச் சொல்லோடு குழம்பித்தான் இன்றைய வடிவம் வந்தது என்பார்கள். அப்புறம் டெரேச்சோவை ஏறத்தாழ நூறு வருடம் யாரும் சீண்டவில்லை. 1987இல்தான் வானிலை ஆய்வாளர்கள் இருவர் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

என் தங்கை மகள் அயோவாவில் இருக்கிறாள். 2020 ஆகஸ்ட் 10 அன்று அங்கே அடித்தது டெரேச்சோதான். சீடர் ராப்பிட்ஸ் நகரில் காற்றின் வேகம் மணிக்கு 225 கிலோமீட்டர் வரை போயிருக்கலாம் என்று கணித்தார்கள். ஊரின் மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. மறுநாள் அவள் அனுப்பிய படத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த மக்காச்சோளம் படுத்துக் கிடந்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி எல்லாத் தட்டையும் ஒரே பக்கமாக. சுழல்காற்று புகுந்த வயல் இப்படியா இருக்கும்? தாறுமாறாக அல்லவா கிடக்கும்! சேதத்தைப் பார்வையிட வருகிறவர்களும் முதலில் கவனிப்பது இதைத்தான். டெரேச்சோவில் இடிமேகங்கள் வரிசை கட்டி வர, மழையில் குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கி முன்னோக்கிப் பாய்கிறது. ரேடாரில் அந்த வரிசை வில் போல வளைந்து தெரியுமாம்.

அதே 'டெரேச்சோ'வுக்கு ஸ்பானிய மொழியில் சட்டம், உரிமை, வலப்பக்கம் என்றும் பொருள் உண்டு. நமக்கு இது புதிதில்லை. 'நேர்' என்பதிலிருந்து நேர்மை வந்தது. வளையாத கோலைச் செங்கோல் என்றோம், வளைந்ததைக் கொடுங்கோல் என்றோம்.

'சூறை' என்றாலே சுழல்காற்று என்றுதான் நம் அகராதிகள் சொல்கின்றன. அதன் மேல் 'சுழல்' வேறு எதற்கு? சரி, அடுத்த முறை 'நேர்ப்புயல்' என்று போடுங்கள். பிடிக்காவிட்டால் டெரேச்சோ என்றே விட்டுவிடுங்கள், அடைப்புக்குறி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.