நோட்டில் ஒட்டிய லேபிள்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே பதிவேட்டின் நகலைப் பல கணினிகளில் வைத்திருக்கும் பிளாக்செயின் வந்துவிட்டால் விநியோகச் சங்கிலியில் போலிச் சரக்குக்கே இடமிருக்காது என்று சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் படித்தேன். நானும் ஒரு காலத்தில் இதையே முதலீட்டாளர்கள் முன்னால் ஸ்லைடு போட்டுச் சொன்னவள்தான். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நான்கு ஆண்டுகள் அப்படியொரு ஸ்டார்ட்அப் நடத்தினேன். குளிரில் வைத்து அனுப்பும் மருந்துப் பெட்டிகள் ஆலையிலிருந்து மருந்துக்கடை வரை எப்போது யார் கைக்கு மாறின, வழியில் வெப்பநிலை எவ்வளவு என்று பதிவு செய்வது எங்கள் வேலை. அந்த அனுபவத்தில் கட்டுரைக்கு ஒரு பின்குறிப்பு.

எழுதியதைப் பிறகு ரகசியமாகத் திருத்த முடியாது என்பது சரிதான். பதிவுகளின் ஒவ்வொரு தொகுப்பும் தனக்கு முந்தையதன் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீட்டைச் சுமந்திருக்கிறது. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ளவை காட்டிக்கொடுத்துவிடும். இந்த யோசனை பிட்காயினைவிடப் பழையது. ஆவணங்களுக்கு நேர முத்திரை இடுவதற்காக ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஆனால் முதல் பதிவைப் போடுவது யார்? கிடங்கின் ஸ்டோர் கீப்பர்.

எங்கள் முதல் சோதனை ஓட்டத்தில், ஒரு கிடங்குக்கு வந்த முந்நூறு பெட்டிகளும் மாலை 6.40-க்கும் 6.55-க்கும் இடையே வந்து இறங்கியதாகப் பதிவாகியிருந்தது. ஒரு லாரி காலையிலும் மற்றொன்று மதியமும் போனது எங்களுக்கே தெரியும். நேரில் போய்ப் பார்த்தோம். பெட்டி இறங்க இறங்க உபரி லேபிளை நோட்டில் ஒட்டிவைத்து, வீட்டுக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து ஒரே மூச்சில் அத்தனையையும் ஸ்கேன் செய்திருக்கிறார் அந்த மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் தடித்த கையுறை, வெளியே ஹார்ன் அடிக்கும் டிரைவர். எங்கள் ஆப்போ ஒரு பெட்டிக்கு ஐந்து முறை தட்டச் சொன்னது.

இன்னொரு கிடங்கிலிருந்து வந்த வெப்பநிலை வரைபடம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் 5 டிகிரியிலேயே நின்றது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. பூரித்துப்போய் அதைப் பெரிதாக்கி ஸ்லைடில்கூடப் போட்டுவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, தொலைந்துவிடக் கூடாது என்று வெப்பநிலையைப் பதியும் லாகர் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுவலக ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நான்கு கணினிகள் ஒருமனதாக ஒப்புக்கொண்டு, இனி யாராலும் அழிக்க முடியாதபடி காத்துவைத்தது அந்த ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை.

நான்கு கணினிகள் என்றேனே, அதில் மூன்று எங்களுடையவை. ஆலை, போக்குவரத்து நிறுவனம், மொத்த விற்பனையாளர், நாங்கள் என ஆளுக்கு ஒன்று நடத்த வேண்டும் என்பதுதான் திட்டம். ஒருவரை ஒருவர் முழுக்க நம்பாதவர்கள் ஆளுக்கொரு நகல் வைத்திருந்தால்தான் இதற்கு அர்த்தமே. ஆனால் இரண்டு நிறுவனங்களின் ஐடி பிரிவினர், ‘அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். மூன்று சாவி ஒருவர் கையிலேயே இருக்கிற பூட்டு அது. சாதாரண டேட்டாபேஸே போதுமே என்று எங்கள் புரோகிராமர் அன்றே சொன்னாள். சொன்னால் பணம் வராது என்று நான்தான் வாயை அடைத்தேன். ஒரு ஐஸ் டீ நிறுவனம் 2017 டிசம்பரில் ‘லாங் பிளாக்செயின்’ என்று பெயரை மாற்றியதும் பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய மூன்று மடங்கானதைப் பார்த்த புத்தி.

இது சின்ன நிறுவனங்களின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-ல் அறிவித்த, கப்பல் சரக்குகளைப் பின்தொடரும் டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தில் போட்டிக் கப்பல் நிறுவனங்கள்கூடச் சேர்ந்தன. அப்படியும் 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். உலகளவில் தொழில்துறையின் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பது அவர்களே சொன்ன காரணம். வால்மார்ட் சோதனையில் மாம்பழத் துண்டுகளின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் நேரம் 7 நாளிலிருந்து 2.2 விநாடியாகக் குறைந்ததை உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். உண்மைதான். ஆனால் வால்மார்ட் பிறகு தன் கீரை சப்ளையர்களிடம் ‘இன்ன தேதிக்குள் சேருங்கள்’ என்று கடிதம் எழுத முடிந்தது. எங்கள் கடிதத்துக்குப் பதிலே வராது.

ஒரு சின்ன விஷயம். வாடிக்கையாளர் ஒருவர் 100-க்குப் பதில் 1,000 என்று அடித்துவிட்டு, ‘அழித்துவிடுங்கள்’ என்று போன் செய்தார். முடியாது, தவறை ஈடுகட்டும் எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்று இரண்டு நாள் விளக்கியும் அவருக்குக் கோபம் தணியவில்லை. அவருடைய கணக்காளருக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது. பேரேட்டில் அவர்கள் என்றைக்கும் செய்வதுதானே!

அடுத்த முறை இத்தகைய நிறுவனத்தைப் பேட்டி எடுக்கும்போது உங்கள் நிருபர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: முதல் ஸ்கேனை யார் செய்கிறார், அவர் பக்கத்தில் நீங்கள் எத்தனை நாள் நின்றிருக்கிறீர்கள்? நாங்கள் நின்றது மூன்றாம் ஆண்டில். கையுறையோடு ஒரே தட்டில் வேலை முடிகிற திரை அப்போதுதான் பிறந்தது. அதை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டியவர் அந்த ஸ்டோர் கீப்பர். நிறுவனத்தை மூடியபோது விலை போனதும் அந்தத் திரை மட்டும்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி