பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இணையவழிப் பாடத் தொகுப்புகள் பற்றி

அன்புடையீர், வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்ற எல்லோருக்கும் வாழ்த்துகள். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போனவர்களும் திரும்பி, வகுப்புகள் நிறைந்துவிட்டன.

இப்போது இணையவழிப் பாடங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

முன்பு கணக்குப் பாடம் முழுவதும் ஒரே நீளப் பட்டியலாக இருந்தது. எங்கே விட்டோம் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. அதனால் இந்தப் பருவத்தில் அதைச் சின்னச் சின்னப் பாடங்களாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை ஒரே தொகுப்பில் வைத்தோம். பள்ளிக் கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியிலும் பாடங்கள் இப்படிச் சிறு கருத்துகளாகத்தான் இருக்கின்றன.

மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பாடம் ஏன் இரண்டு இடத்தில் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எண்களைப் படிக்கும்போதும் அது வேண்டும், பின்னங்களைக் கூட்டும்போதும் வேண்டும். அதனால் இரண்டு தொகுப்பிலும் வைத்தோம். ஓரிடத்தில் முடித்தால் மற்றதிலும் முடிந்ததாகப் பதிவாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் இணையக் கணக்கில், பின்னத் தொகுப்பின் ஐந்து பாடங்களும் ஒரே இரவில் 11.10க்குத் தொடங்கி 11.25க்குள் முடிந்திருந்தன. எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. மறுநாள் காலை அவனே கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டு, சாக்பீஸோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். 5/6 வர வேண்டும். இரவில் விடை போட்டது யார் என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

தொகுப்பை முடித்ததற்கான சான்றிதழ் சீக்கிரம் வரட்டும் என்ற ஆசையில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. வேலை முடிந்து அலுத்து வரும் நேரத்தில்தான் போன் பிள்ளை கைக்குப் போகிறது என்பதும் தெரியும். ஆனாலும் பிள்ளைக்காகப் பெரியவர்கள் விடை போடுவதைப் பள்ளி ஏற்றுக்கொள்ளாது. வரும் திங்கள் முதல் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது திறக்கும், அதுவும் மறுநாள்தான். எல்லாவற்றையும் மொத்தமாகத் திறந்துவிடச் சொல்லி இனி யாரும் கேட்க வேண்டாம்.

குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் தங்கித் தங்கித்தான் போய்ச் சேர்கிறார்கள். பிள்ளைகளையும் அப்படியே விடுங்கள். நாளுக்கு ஒரு பாடம், பத்து நிமிடம் போதும். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை. எங்கே தப்பு வருகிறதோ, அங்கிருந்துதான் ஆசிரியர் சொல்லித்தர முடியும்.

அப்புறம், ஒரு வீட்டில் அப்பத்தா தினமும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன பார்த்தே, எனக்குச் சொல்லு" என்று கேட்கிறாராம். பேத்தி கோலமாவில் வட்டம் போட்டுப் பாதி, கால் என்று பிரித்துக் காட்டுகிறாளாம். அவருக்கும், இதுபோல் நேரம் ஒதுக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
காரைக்குடி