டிகே குமிழைப் பற்றி, மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

கல்லடியில் நீ விட்டுச்சென்ற மைக்ரோஃப்ரீக் சிந்தசைசரில், உன் உடுக்குச் சத்தம் இருந்த இடத்தில் நேற்றிரவு வேறொன்றைச் சேமித்துவிட்டேன். மன்னித்துக்கொள், ஆனால், கருவியை என் பொறுப்பில் விட்டுப் போனவன் நீதான்.

கண்ணகி அம்மன் சடங்குக்கு முந்திய அந்த ஒத்திகையே இன்னும் மனத்தில் நிற்கிறது. விசையைப் பிடித்திருக்கும்வரை ஒலி நிற்கும் மட்டமான சஸ்டெய்ன் பூச்சியத்தில் இருந்ததால், ஒவ்வோர் அடியும் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதை, ஒலி தணியும் நேரமான டிகே ஒன்றே தீர்மானித்தது. கீழ்ச்சுரங்கள் கனமாக விழுந்தன; மேற்சுரங்களில் வேகமாக உருட்டும்போதோ ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படிந்து குழம்பியது. நீ டிகேயைக் குறைத்தாய். மேலே தெளிந்தது, கீழே செத்தது. ஒலியை வடிகட்டும் ஃபில்டரைத் திறந்து மூடுவதும், ஒலியை எழுப்பித் தணிக்கும் அதே என்வலப் என்பதால், கீழ்ச்சுரத்தின் நாதமும் கூடவே அடைபட்டது. அசைன் பொத்தானை அழுத்திக்கொண்டு டிகே குமிழைத் திருப்பி, எந்த விசை என்பதைப் பொறுத்து குமிழை மாற்றும் கீ வரிசையில் மறைப் பெறுமானம் கொடுத்தேன்: விசை உயர உயர டிகே சுருங்கும். நான் இரண்டு சுரம் வாசிப்பதற்குள் நீ மின்வடத்தைப் பிடுங்கினாய். அப்போது அறையில் யார் யார் இருந்தார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். அவர்களும் இதை வாசிப்பார்கள்.

என்வலப்பை ஒருமுறை வைத்தால் கைவைக்கக் கூடாது என்றாய், 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரைச் சாட்சிக்கு அழைத்தாய். அதில், விரலை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரமான ரிலீசுக்குத் தனிக்குமிழே கிடையாது, டிகேயின் நேரத்தைத்தான் அது கடன் வாங்கும். ஆகவே அதை வாசித்தவர்களின் இடக்கை குமிழ்களை விட்டு நகர்ந்திருக்குமா என்பதை நீயே யோசி. சஸ்டெய்ன் நேரமல்ல, மட்டம் என்று என் விரலைப் பிடித்துத் திருப்பிக் காட்டிய பொறுமைசாலிக்கு, என் கை தானாகத் திரும்பியதும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

மைக்ரோஃப்ரீக்கிலும் டிகேயும் ரிலீசும் ஒரே குமிழ் என்பதால், விரலை எடுத்த பின்வரும் வாலும் இப்போது சுரத்துக்கேற்ப நீண்டு குறுகுகிறது. தானாக ஏறி இறங்கும் மெதுவான எல்எஃப்ஓ அலை ஒன்றையும் மிகச் சிறிதளவு டிகேயில் சேர்த்திருக்கிறேன். ஒரே சுரத்தை அடுத்தடுத்து அடித்தாலும் ஓரடி மற்றதைப் போல் இருப்பதில்லை. உனக்குப் பிடிக்காது. உன் பழைய சத்தத்தை வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைத்திருக்கலாம்; வைக்கவில்லை.

வைகாசியில் வருவாய் என்று மாமி சொன்னா. விரலழுத்த வரிசையை மட்டும் எதனோடும் இணைக்காமல் விட்டிருக்கிறேன்; அதை எதில் கொடுப்பது என்று வந்து நீ சொல்.