ஏற முடியாதவர்களையும் எண்ணுங்கள்

ஐயா, தமிழ்நாட்டு அரசின் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் மகளிர் விடியல் பயணத் திட்டத்தின் பயண எண்ணிக்கை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2021 முதல், நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டுகளைக் கூட்டித்தான் பயண எண்ணிக்கை சொல்லப்படுகிறது. ஏறியவர்கள் கணக்கு சரி. ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றவர்களை யார் எண்ணுவது? சென்ற வாரம் காலை எட்டரை மணிக்கு, எங்கள் ஊர் நிறுத்தத்தில் கூடையோடு நின்ற பூக்கார அம்மாவைத் தாண்டி இரண்டு பேருந்துகள் நிற்காமலே போயின. மூன்றாவதில் படிக்கட்டில்கூட இடமில்லை. கடைசியில் 20 ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் போனார். அந்த 20 ரூபாய் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மாதம் ஒரு நாள், நெரிசல் நேரத்தில், கல்லூரி மாணவர்களை நிறுத்தங்களில் உட்கார வைத்துக் காத்திருக்கும் நேரத்தையும் நிற்காமல் போன பேருந்துகளையும் குறிக்கச் செய்யலாம். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். அந்தக் கணக்கையும் சீட்டுக் கணக்கோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.

– தினசரிப் பயணி ஒருவர்