சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அவை 1984இல் ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. அதற்குப் பின் ஆண்ட எந்த அரசும் அதற்கு ஏற்புறுதி, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறையான ஒப்புதல், அளிக்கவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போனது; 2014இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. உடன்படிக்கையை ஏற்குமாறு 2017இல் பரிந்துரைத்த சட்ட ஆணையம், தன் 273ஆவது அறிக்கையில் மசோதாவின் வரைவையே எழுதிக் கொடுத்துவிட்டது.

இருக்கும் சட்டங்களே போதும் என்பது நாங்கள் வழக்கமாகக் கேட்கும் பதில். அடித்து வாக்குமூலம் வாங்குவது குற்றம் என்று நம் தண்டனைச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதை மெய்ப்பிப்பது யார்? காவல் நிலையத்துக்குள் நடந்ததற்குச் சாட்சிகள் அடித்தவர்களும் அடிபட்டவருமே. அடிபட்டவர் இறந்துவிட்டால் மற்றவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் துணிந்து உண்மையைச் சொன்னார். எல்லாக் காவல் நிலையங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணி நீதி காத்திருக்கலாகாது. காவலில் இருந்தவருக்கு ஏற்பட்ட காயத்தைக் காவலர் ஏற்படுத்தியதாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்னும் பிரிவைச் சட்ட ஆணையம் 1985இலேயே பரிந்துரைத்தது. 2023இல் சாட்சியச் சட்டத்தைப் புதிதாக இயற்றியபோதும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இதன் விலையை அரசே கொடுத்துவருகிறது. 1995இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்ட வழக்கில் இந்தியாவால் தேடப்பட்டவரை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் 2011இல் மறுத்தபோது, இங்கே அவர் சித்திரவதைக்கு ஆளாகக்கூடும் என்பதையே காரணமாகச் சொன்னது.

இலங்கை 1994இலும், வங்கதேசம் 2013இலும், பாகிஸ்தான் 2022இலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. அதனால் அங்கே சித்திரவதை ஒழிந்துவிடவில்லை என்பதை இலங்கைத் தமிழர் எவரும் அறிவர். ஆயினும் உடன்படிக்கையை ஏற்றுவிட்டதால், ஜெனீவாவில் அதைக் கண்காணிக்கும் பத்து வல்லுநர் அடங்கிய குழுவின் முன் அந்நாடுகள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கடமைகூட இல்லை.

273ஆவது அறிக்கையின் வரைவை வரும் கூட்டத்தொடரில் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவாருங்கள். அரசே கொண்டுவந்தால், காயத்துக்குக் காவலரைப் பொறுப்பாக்கும் அந்த அனுமானப் பிரிவு விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சட்டம் பயின்ற ஒரு வாக்காளர்